வாங்குபவருக்கு வாய் இல்லாத மின்சாரச் சட்டம்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் விருந்தினர் விடுதி நடத்துபவர் சமையல் எரிவாயுவை லிட்ரோவில் எடுப்பதா, லாஃப்ஸில் எடுப்பதா என்று தானே தீர்மானிக்கிறார். வாகனத்துக்கு எண்ணெய் அடிக்கப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. 2003 முதல் லங்கா ஐஓசி இருக்கிறது. 2023 முதல் சினோபெக்கும் இருக்கிறது. தொலைபேசி இணைப்பை ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாற்றிக்கொள்கிறார். மாதச் செலவில் பெரும்பங்கை விழுங்கும் கரண்டுக்கு மட்டும் அவருக்கு ஒரே விற்பனையாளர், ஒரே விலைப்பட்டியல். பேரம் பேச எதிரே ஆள் கிடையாது. இந்த நிலையை மாற்றுவோம் என்று 2002 இல் ஒரு சட்டம் வந்தது. 2024 இல் இன்னொரு சட்டம் வந்தது. 2025 இல் அந்தச் சட்டம் திருத்தப்படவும் செய்தது. இத்தனைக்கும் பிறகு தொழில் நடத்துபவர் கையில் கிடைத்திருப்பவை சில அரச கம்பனிகளின் புதிய பெயர்கள் மட்டுமே. வலுசக்தி அமைச்சும் அதற்குத் தலையாட்டிய பாராளுமன்றமும் செய்திருக்கும் இந்த வேலையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வரலாற்றைப் பார்த்தால் கோபம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் 1ஆம் திகதி உருவானது. உற்பத்தி, பரிமாற்றம், விநியோகம் மூன்றும் அதன் கையில் இருந்தன. 1983 இல் லெக்கோ என்ற லங்கா மின்சாரக் கம்பனி தொடங்கப்பட்டபோது மேற்குக் கரையோரத்தின் சில நகரங்கள் அதற்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதைப் போட்டி என்று யாரும் சொல்ல முடியாது. கோட்டேயில் இருப்பவர் லெக்கோவின் வாடிக்கையாளர், திருகோணமலையில் இருப்பவர் சபையின் வாடிக்கையாளர். இரண்டையும் முடிவு செய்தது வீட்டு இலக்கம்தான்; விலை இருவருக்கும் ஒன்றுதான். 2002 இன் மின்சாரச் சீர்திருத்தச் சட்டம் சபையைப் பிரித்துச் சந்தையைத் திறக்க வந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அரசு பின்வாங்கியது, சட்டம் செயலுக்கு வரவே இல்லை. 2009 இன் 20ஆம் இலக்கச் சட்டம் உற்பத்தியாளர் எவராயினும் சபைக்கே விற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை உறுதிப்படுத்தியது. 2024 இன் 36ஆம் இலக்கச் சட்டம் வரும்போது, இனிமேல் போட்டி வரும், அதனால் விலை ஒழுங்குக்கு வரும் என்று மேடைமேடையாகச் சொன்னார்கள். 2025 ஓகஸ்டில் நிறைவேறிய திருத்தம் உற்பத்திக்கு ஒன்று, பரிமாற்றத்துக்கு ஒன்று, தேசிய முறைமையை இயக்க ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று என்று அரசுக்கே முழுச் சொந்தமான கம்பனிகளாகச் சபையைக் கூறுபோட்டது. கூறுபோட்டதில் எமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஓர்ஸ் ஹில் லோவர் ரோட்டில் கடை வைத்திருப்பவர் யாரிடம் வாங்கலாம் என்ற கேள்விக்கு நேற்றும் பதில் இல்லை, இன்றும் பதில் இல்லை.

இது ஏன் அவசரமான விஷயம் என்பதற்கு விலைகளின் வரலாறே சாட்சி. 2014க்குப் பிறகு எட்டு வருடம் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்தார்கள். பிறகு 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் ஏற்றினார்கள். ஆறு மாதத்தில், 2023 பெப்ரவரியில், மேலும் 66 சதவீதம். சராசரிக் கணக்கில் 100 ரூபா பில் 290 ரூபா ஆனது. அந்த உயர்வை எதிர்த்துநின்ற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவரை 2023 மே மாதம் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்கில் பதவி நீக்கியது. அதற்குப் பின் ஜூலையில் 14.2 சதவீதம் இறக்கம், ஒக்டோபரில் 18 ஏற்றம், 2024 மார்ச்சில் 21.9 இறக்கம், ஜூலையில் 22.5 இறக்கம், 2025 ஜனவரியில் 20 இறக்கம், ஜூனில் 15 ஏற்றம். மூன்று வருடத்துக்குள் எட்டுத் தடவை. 2025 ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீதத்தை ஆணைக்குழு மறுத்தது. அந்த மறுப்பை வரவேற்கிறோம். ஆனால் மறுக்கப்படுமா, ஏற்கப்படுமா என்று கடைசி நாள்வரை காத்திருந்த வியாபாரிக்கு அந்த இடைவெளியில் எந்தக் கணக்கைப் போட முடிந்தது?

ஏறினால் வருத்தம், இறங்கினால் மகிழ்ச்சி என்று இதை விட்டுவிட முடியாது. ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை திருகோணமலைக்குப் பருவகாலம். உப்புவெளி, நிலாவெளியில் போலவே ஓர்ஸ் ஹில்லிலும் அறைகள் மாதக்கணக்கில் முன்னதாகவே ஒரு விலைக்குப் பதிவாகின்றன. அந்த விலையை விருந்தினர் வந்து இறங்கிய பிறகு மாற்ற முடியாது. குளிரூட்டி ஓடும் கரண்டின் விலையோ இடையில் மாறிவிடுகிறது. விநியோகத்தர் பலர் உள்ள ஊரில் இதே விடுதிக்காரர் ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ யூனிட் விலையை நிலையாகப் பூட்டி ஒப்பந்தம் எழுதிக்கொள்வார். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைப்பவர் அந்த வழியில் போவார். சந்தை விலையோடு ஏறி இறங்கத் தயாரானவர் வேறு ஒப்பந்தம் எழுதுவார். எம்மவருக்கு இரண்டும் இல்லை.

பில்லையே கையில் எடுத்துப் பாருங்கள். 42 கேவீஏக்கு மேற்பட்ட இணைப்பு என்றால் நாள் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், மிச்சம் உச்சமற்ற நேரம். உச்ச நேரத்தில் யூனிட் விலை மிக அதிகம். விடுதிக்கு ஆள் வந்து குளித்து, சாப்பிட்டு, அறையைக் குளிராக்கிக்கொள்ளும் நேரமும் சரியாக அதுதான். இதற்கு மேல் கேவீஏ கேள்விக் கட்டணம் என்று தனி வரி. மாதம் முழுவதும் சிக்கனமாக ஓட்டிவிட்டு ஒரே ஒரு கால்மணி நேரம் எல்லா இயந்திரங்களையும் ஒன்றாகப் போட்டுவிட்டால், அந்தக் கால்மணி நேரத்தின் உச்சம்தான் மாதத்துக்கான கணக்கு. இதில் இன்னொரு அநீதியும் இருக்கிறது. ஹோட்டல்களுக்கான கட்டண வகை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அங்கீகரித்த இடங்களுக்கு மட்டும்தான். நாலைந்து அறைகளை வைத்துக்கொண்டு அந்த அங்கீகாரத்துக்கு இன்னும் வந்து சேராத குடும்ப விடுதிகள் அந்த வகைக்குள் நுழைய முடியாது. அதே கட்டில், அதே குளிரூட்டி, அதே விருந்தினர். கட்டணம் மட்டும் வேறு.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் படகுகள் வரும் ஊர் இது. ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. ஐஸ் போடும் இடத்தில் உப்புநீர்த் தொட்டிக்குள் தகர வார்ப்புகளை இறக்கிவைத்து, கம்பிரசரை இரவு பகலாக ஓடவிட வேண்டும். நடுவில் கரண்ட் நின்றால் உப்புநீர் சூடேறும், கட்டி நடுவில் வெள்ளையாகி நொறுங்கும், அடுத்த நாள் படகுக்காரரிடம் அதே விலைக்குத் தள்ள முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடு முழுவதும் இருளில் மூழ்கிய நாளிலும் அதற்கடுத்த நாட்களின் சுழற்சிமுறை வெட்டிலும் இந்த வகைத் தொழில்களின் நட்டத்தை யாரும் ஈடு செய்யவில்லை. விநியோகத்தரைத் தெரிவு செய்யும் உரிமை வந்தால் கம்பி அறுவது நின்றுவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. கம்பி ஒன்றுதான், அது பொதுவாகவே இருக்கும். ஆனால் ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால் அதில் தரம் எழுதப்படும், தரம் தவறினால் தொகை எழுதப்படும். இப்போது இருப்பது ஒப்பந்தமே அல்ல. விண்ணப்பப் படிவம் மட்டும்தான்.

உட்துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாவைப் பார்த்தால் இன்னொரு உண்மை புலப்படும். அங்குள்ள டோக்கியோ சிமெந்து ஆலை உயிர்த்திணிவை எரித்துத் தன் சொந்த மின்நிலையத்தை நடத்துகிறது. பெரிய முதல் உள்ளவருக்கு இந்த நாட்டில் வெளியேறும் வழி எப்போதும் இருந்திருக்கிறது. அதை நாம் குறை கூறவில்லை, முயன்று செய்திருக்கிறார்கள். குறை என்னவென்றால், அச்சகம் வைத்திருப்பவரும், சலவைக்கடைக்காரரும், பல் வைத்தியரும், பேக்கரிக்காரரும் அதைச் செய்ய முடியாது என்பதுதான். அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே வழி கூரைமேல் சூரியத் தகடு. 2016 இல் சூரிய பல சங்கிராமய என்று கொடி பிடித்துத் தொடங்கிய திட்டத்தை நம்பிக் கடன் எடுத்துத் தகடு போட்டவர்களிடம், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகலில் அதை அணைத்துவையுங்கள் என்று கேட்டார்கள். அந்த மின்சாரத்தைப் பக்கத்துக் கடைக்கு விற்க மட்டும் சட்டம் இடம் தரவில்லை. பகலில் மிச்சம் வருகிறது, எடுக்க ஆள் இல்லை என்கிறார்கள். எடுக்கத் தயாராகப் பக்கத்தில் நிற்பவரைச் சட்டம் தடுத்து நிறுத்துகிறது.

முடியாது, சின்ன நாடு, சின்ன வலையமைப்பு என்று சொல்பவர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்க்கட்டும். கோயம்புத்தூர் நூற்பாலைகள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை நிறுத்தி, அரச மின்வாரியத்தின் கம்பியில் அந்த மின்சாரத்தைக் கொண்டுவந்து, கொண்டுவரும் கூலியைக் கட்டி, தம் பில்லில் கழித்துக்கொள்வது பல வருடங்களாக நடக்கிறது. இந்தியாவின் 2003ஆம் வருட மின்சாரச் சட்டம் 1 மெகாவாட்டுக்கு மேல் எடுப்பவர் விரும்பிய இடத்தில் வாங்கலாம் என்று திறந்துவிட்டது. 2022 ஜூனில் வந்த பசுமை மின்சார விதி அந்த எல்லையை 100 கிலோவாட்டுக்கு இறக்கியது. அடுத்து வந்த திருத்தத்தைத்தான் கொழும்பில் உள்ளவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்: ஒரே மின்பிரிவுக்குள் இருக்கும் பல சிறு இணைப்புகளைச் சேர்த்து 100 கிலோவாட் வந்தாலும் போதும் என்றது அது. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. குறுக்கு மானிய மிகைவரி, சேமிப்புக் கட்டணம் என்று மாநில வாரியங்கள் வழிமறிப்பதும், ஆலைக்காரர்கள் நீதிமன்றப் படியேறுவதும் ஓயாத கதை. ஆனால் வழி என்று ஒன்று இருப்பதால்தான் வழிமறிப்பை எதிர்த்து வழக்காட முடிகிறது.

திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதன் ஆபத்தையும் நாம் மறைக்கவில்லை. சிங்கப்பூர் 2001 இல் பெரிய தொழில்களில் தொடங்கி, படிப்படியாக எல்லையை இறக்கி, 2018–19 இல் வீடுவரை சந்தையைத் திறந்தது. 2021 இறுதியில் எரிவாயு விலை எகிறியபோது ஐஸ்விட்ச் உட்பட ஐந்து விநியோகத்தர்கள் கடையை மூடினார்கள். ஆனாலும் எந்தக் கடையிலும் விளக்கு அணையவில்லை. வாடிக்கையாளர்கள் மின்வலையமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்தின் பொறுப்பில் தானாகவே போய்ச் சேர்ந்தார்கள். ஏற்பாடு முன்கூட்டியே இருந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் அந்த ஏற்பாடு போதாமல் இருந்தது. 2021 பெப்ரவரிப் பனிப்புயலில் மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டொலர்வரை போக, அந்த விலையை அப்படியே கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதியிருந்தவர்களுக்குச் சில நாட்களில் ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்தது. இங்கிலாந்தில் சிறு கடைகளுக்கு ஒப்பந்தம் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் தம் கூலியை யூனிட் விலைக்குள் ஒளித்துவைத்தார்கள். ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் கடை நடத்தும் எம்மவரைப் போன்ற சிறு வியாபாரிகள் தாம் யாருக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று தெரியாமலே கையெழுத்திட்டார்கள். ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் 2022 இல்தான் மிகச் சிறு வணிகங்களுக்குத் தரகுக்கூலியை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இருபது வருடம் முந்தியே செய்திருக்க வேண்டியது.

இந்தப் பாடங்களெல்லாம் மற்றவர்கள் பணம் கொடுத்துப் படித்தவை. எமக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு ஒழுங்காகத் திறப்பதற்குப் பதில், ஆபத்து என்று சொல்லிக் கதவையே பூட்டிவைப்பது நிர்வாகக் கடமையைத் தட்டிக்கழிப்பது.

குறைந்த யூனிட் பாவிக்கும் ஏழை வீடுகளுக்கு மானியம் கொடுப்பதே பெரிய தொழில்கள் கட்டும் கூடுதல் விலையால்தான், பெரியவர்கள் வெளியே போனால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்ற கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் சொல்லாத எந்தச் சீர்திருத்தத்தையும் நாம் ஆதரிக்க மாட்டோம். எம் நிலைப்பாடு இதுதான்: ஏழை வீட்டுக்கு உதவுவது அரசின் கடமை, அதைத் திறைசேரியிலிருந்து நேராகக் கொடுக்கட்டும். மாறும் காலத்துக்கு மிகைவரி தேவை என்றால், எத்தனை சதம், எத்தனை வருடம், எப்போது முடியும் என்று ஆணைக்குழு எழுதி வெளியிடட்டும். ஐஸ் போடுபவரின் பில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்து வாங்குவதை நிறுத்த வேண்டும். மின்சார சபையை விற்றுவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். கம்பியும் தூணும் பொதுச் சொத்தாகவே இருக்கட்டும். அந்தக் கம்பியில் யாருடைய மின்சாரம் வருகிறது என்பதைத்தான் வாங்குபவர் முடிவு செய்ய வேண்டும் என்கிறோம்.

சம்பூரைப் பற்றிச் சொல்லாமல் திருகோணமலையில் மின்சாரம் பற்றி எழுத முடியாது. 2006 இல் போரால் துரத்தப்பட்ட அந்த மக்களின் நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரும் என்று இந்தியாவின் என்ரிபிசியோடு ஒப்பந்தம் பேசினார்கள். மக்கள் முகாம்களில் கிடந்தார்கள். 2015 இல்தான் நிலத்தின் ஒரு பகுதிக்குத் திரும்ப முடிந்தது. 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் அரசே அறிவித்தது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையம். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் கொழும்பிலிருந்தபடியே வேலையைத் தொடக்கிவைத்தார்கள். முதற்கட்டம் 50 மெகாவாட், இரண்டாம் கட்டம் 70. முதற்கட்டத்துக்கு யூனிட்டுக்கு 5.97 அமெரிக்க சதம், அதாவது ஏறத்தாழ 18 ரூபா, 20 வருடத்துக்கு. விலையை அப்படிப் பூட்டிக்கொள்ளும் வசதி சபைக்கு இருக்கிறது. அந்த மின்நிலையத்துக்கு மிகக் கிட்ட இருக்கும் மூதூர் அரிசி ஆலைக்காரருக்கும் ஓர்ஸ் ஹில் விடுதிக்காரருக்கும் இல்லை. நிலம் கொடுத்த மாவட்டத்துக்கு ஒரு யூனிட்டையாவது அந்த விலையை ஒட்டி வாங்கும் உரிமை எழுதப்படவில்லை. இது பொறுத்துக்கொள்ளக் கூடியதல்ல.

ஆகவே கேட்கிறோம். வாங்குபவர் தன் விநியோகத்தரைத் தானே தெரிவு செய்யும் திறந்த அணுகலுக்கான திகதியை வலுசக்தி அமைச்சு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும்: முதலில் 42 கேவீஏக்கு மேற்பட்ட தொழில்களுக்கு, அடுத்து அதற்குக் கீழே உள்ளவர்கள் வர்த்தக சங்கமாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ ஒன்றுசேர்ந்து வாங்குவதற்கு. கம்பியில் மின்சாரம் கொண்டுவரும் கூலியைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கணக்கோடு வெளியிட வேண்டும். விநியோகத்தர் ஒருவர் விழுந்தால் அன்றே பொறுப்பேற்கும் அரச விநியோகத்தர் யார் என்பதைச் சந்தையைத் திறக்கும் முன்பே சட்டத்தில் எழுத வேண்டும். தரகர் வந்தால் அவருக்கு உரிமப்பத்திரம் கட்டாயம்; அவர் கூலி ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒப்பந்தம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியது செல்லாது என்று விதி வர வேண்டும். குடும்ப விடுதிகளுக்கு ஹோட்டல் கட்டண வகையைத் திறக்க அடுத்த கட்டணத் திருத்தம்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

இதை நாட்டில் எங்காவது ஓரிடத்தில் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அது திருகோணமலையாக இருக்கட்டும். சம்பூர் இரண்டாம் கட்டத்தின் 70 மெகாவாட்டில் ஒரு பங்கை, 50 மெகாவாட் ஒப்பந்தத்தின் அச்சிலேயே மொத்தமாகச் சபைக்கு எழுதிக்கொடுக்காமல், மாவட்டத்தின் சிறு தொழில்கள் கூட்டாக நேரடியாக வாங்கும்படி ஒதுக்க வேண்டும். அதற்கான கலந்துரையாடலைத் திருகோணமலையில், தமிழ் மொழியில் நடத்த வேண்டும். ஐஸ்காரரும், விடுதிக்காரரும், ஆலைக்காரரும், சம்பூர் மக்களும் அங்கே தம் பில்லையும் காணி உறுதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும். இரண்டாம் கட்டத்துக்கான கொள்வனவு ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன் அந்தக் கூட்டத்தின் திகதியை அமைச்சு அறிவிக்க வேண்டும்.